உள்ளே சென்ற நேரம்

திருப்பதியில் அந்திம கௌரவ சம்ஸ்தா என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. செத்தவர்களுக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது. உயிரோடு இருப்பவர்களின் மரியாதையைக் கவனிக்க இன்னும் அலுவலகம் எதுவும் ஏற்படவில்லை. அடுத்த ஐந்தாண்டில் வரலாம். சம்ஸ்தாவுக்கு ஒரு தலைவர், ஓர் இணை இயக்குநர், ஏழு பேர் கொண்ட நிபுணர் குழு, வாசலில் ஒரு செயற்கை நீரூற்று எல்லாம் உண்டு. புத்தூர், நகரிப் பக்கத்துத் தமிழ் ஜனங்கள் அவ்வளவு நீளப் பெயர் வாயில் நுழையாமல் 'சாவாபீஸ்' என்று சுருக்கிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு சாவுக்கும் பச்சை மூங்கில் வெட்டிப் பாடை கட்டுகிறார்கள், அதனால் மூங்கிலும் வீண், மரியாதையும் வீண் என்று சம்ஸ்தா மூன்று வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்தது. அதற்குப் பரிகாரம், திரும்பத் திரும்பப் பயன்படும் பெட்டி. வீட்டிலிருந்து சுடுகாடு வரை பிணம் பெட்டியில் கௌரவமாகப் போகும். அங்கே பிணம் நெருப்புக்கு, பெட்டி ஆபீசுக்கு. கழுவித் துடைத்தால் அடுத்த வீடு. 'மனிதர் செல்வார், பெட்டி திரும்பும்' என்று ஆபீஸ் மதில்சுவரில் தெலுங்கில் பெரிதாக எழுதி, அதன் கீழே யாரும் ஒன்றுக்குப் போய்விடாதபடி ஒரு சாமி படமும் ஒட்டினார்கள்.

பெட்டி செய்யும் வேலை கங்கையாவிடம் வந்து சேர்ந்தது. புத்தூரில் திருப்பதி ரோட்டின் மேல் அலுமினியக் கதவு, ஜன்னல், தடுப்பு செய்கிற ஷெட் வைத்திருந்தார். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டுப் போட வருகிறவர்களுக்கு ஸ்ட்ரெச்சரும் செய்து கொடுப்பார். சொந்த ஊர் நகரிக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அவர் அப்பன் பாட்டனெல்லாம் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கையில் சொந்தமாக ஒரு டிரில்லிங் மிஷின் வைத்திருந்த முதல் ஆள் அவர்தான்.

சம்ஸ்தாவின் இணை இயக்குநர் ஹரிபிரசாத் ஒரு வரைபடத்தோடு காரில் வந்து இறங்கினார். அந்த வரைபடத்தின்படி செய்தால் பெட்டியைத் தூக்கவே எட்டு பேர் வேண்டும்.

"உள்ள ஆளு வேற இருப்பாங்களே சார்" என்றார் கங்கையா.

ஹரிபிரசாத் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். "இந்தக் கோணத்துல குழு பாக்கல, கங்கையா காரு" என்றார். கௌரவம் என்பது ஆபீஸ் பெயரிலேயே இருப்பதால், வேலை செய்கிறவரைக்கூடத் தெலுங்கு மரியாதைக்கு 'காரு' போட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று அங்கே உத்தரவு.

கங்கையா சொந்தமாக ஒரு பெட்டியை யோசித்தார். சட்டம் அலுமினியம். உள்ளே ஆஸ்பத்திரி மெத்தைக்குப் போடுகிற ஸ்பாஞ்சு. அதன்மேல் இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய காடாத்துணி. சுடுகாட்டில் கால்மாட்டுக் கதவைத் திறந்து இழுத்தால் துணியும் ஆளும் அங்கே பொருத்திய உருளைமேல் வழுக்கிக்கொண்டு சிதைக்குப் போய்விடும். பெட்டி மட்டும் நிற்கும். அந்த ஸ்பாஞ்சில் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு வளைவு வெட்டியிருந்தார். இது எதற்கு என்று குழு கேட்டது. முதுகுக்கு என்றார். செத்தவருக்கு முதுகு எதற்கு என்று குழு கேட்டது.

அது அவர் மனைவி வெங்கடலட்சுமியின் முதுகு. ஒன்றரை வருடமாக அவளுக்கு முதுகு வலி. முதலில் புத்தூரில் மூன்று மாதம் கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, வலி எலும்பில் இல்லை, எலும்புக்குள் இருக்கிறது என்றார்கள். பாயில் படுத்தால் வலி, கட்டிலில் படுத்தால் வலி, உட்கார்ந்தாலும் வலி. கங்கையா வளைந்து கொடுக்கிற மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்றை எடுத்து அவள் முதுகில் மேலிருந்து கீழ்வரை பதமாக அழுத்தி, அந்த வளைவை அப்படியே எடுத்து வைத்திருந்தார். உலகத்தில் அவருக்கு அளவு தெரிந்த முதுகு அது ஒன்றுதான். அதனால் பெட்டிக்கும் அதையே வைத்தார்.

பெட்டி முடிந்ததும் படிவம் ஏழு வந்தது. உயிருள்ள ஒருவர் படுத்துப் பார்த்துச் சான்று தர வேண்டும். ஹரிபிரசாத்தோடு நிபுணர் குழுவின் ஏழு பேரும் ஷெட்டுக்கு வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். ஒருவருக்கு மறுநாள் மகள் நிச்சயதார்த்தம். ஒருவர், தனக்கு இந்தத் திட்டத்தில் முழு நம்பிக்கை இருப்பதால் படுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்றார். மீதி நாலு பேரும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். கங்கையாவே படுத்திருப்பார், ஆனால் உருளையை வெளியிலிருந்து இயக்கிக் காட்ட அவரைத் தவிர ஆள் இல்லை.

வீட்டில் தனியாக விட முடியாமல் அன்றைக்கு வெங்கடலட்சுமியையும் ஷெட்டுக்கு அழைத்து வந்திருந்தார். அவள் ஸ்டூலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாயா, ஒருத்தரும் படுக்க மாட்டேன்றாங்களா? நான் படுக்கறேன், தள்ளு" என்று எழுந்து வந்தாள்.

"வேணாம், லச்சுமி. அபசகுனமா ஏதாவது..."

"எனக்கு இனிமே இன்னா அபசகுனம்?"

சம்ஸ்தாவின் கணினி ஆள் சாய்குமார் கைக்கருவியை நீட்டினான். அவள் கட்டைவிரலை வைத்தாள். பெயர், ஊர், மண்டலம், மாவட்டம், உயரம், எடை எல்லாம் கேட்டான். 'உள்ளே சென்ற நேரம்' என்ற கட்டத்தில் பதினொன்று பத்து என்று போட்டான். 'வெளியே வந்த நேரம்' என்று ஒரு கட்டம் இல்லை. அந்தப் பெட்டிக்குள் போகிறவர்கள் வெளியே வருவார்கள் என்று படிவம் எழுதியவருக்குத் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கங்கையா அவளைக் கைத்தாங்கலாக உள்ளே படுக்க வைத்தார். அவள் கண்ணை மூடினாள். அப்புறம், "யோவ்" என்றாள்.

"இன்னா?"

"வலியே இல்லயா."

ஒன்றரை வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. கங்கையா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்தன்று பார்த்த முகம்போல இருந்தது என்று சொன்னால் பொய். அப்போது அவள் பயந்துபோய் இருந்தாள். இது பயமில்லாத முகம்.

"இன்னும் கொஞ்ச நேரம் இப்டியே கீறேனே" என்று கேட்டாள்.

இருபது நிமிடம் படுத்திருந்தாள். நிபுணர் குழு வெயிலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தது. சௌகரியத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று சாய்குமார் கேட்டபோது, "பத்துக்குப் பத்து போட்டுக்கோ, தம்பி. எம் புருசன் செஞ்சது" என்றாள். வெளியே வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. அவளுக்கு அது பழக்கம். வியர்த்தால் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து எங்கேயாவது ஒட்டிவிடுவாள். வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி, பாத்ரூம் கதவு, கட்டில் கால் என்று எங்கே பார்த்தாலும் பொட்டு. கங்கையா திட்டிக்கொண்டே இருப்பார். அன்றைக்குத் திட்டவில்லை. அவள் பையிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.

நகரிக்குத் திரும்பும்போது அவள் தம்பி சிரஞ்சீவிதான் தன் குட்டியானை வண்டியில் கூட்டிப் போனான். பாதி வழியில் அவள் சொன்னாள்: "என்ன கடைசியா அதுலயே இட்டுக்கினு போயா. மூங்கில் வேணாம். கணு குத்தும்."

"சும்மா இரு."

"சொல்லு."

"சரி" என்றார்.

அதே ஸ்பாஞ்சு வாங்கி, அதே வளைவு வெட்டி, வீட்டுக் கட்டிலில் போட்டார். அதற்குள் நோய் முதுகைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. அவளுக்குக் கிடைத்தது அந்த இருபது நிமிடம்தான்.

ஆனி மாதம் ஒரு விடியலில் வெங்கடலட்சுமி செத்துப்போனாள். மகள் பிரியங்காவின் மடியில் தலை இருந்தது. கங்கையா சுடுதண்ணி வைத்துக்கொண்டிருந்தார். ஐஸ்பெட்டி வந்தது, சொந்தக்காரர்கள் வந்தார்கள், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று காலனிப் பெரியவர்கள் சொன்னார்கள். கங்கையா சட்டையை மாட்டிக்கொண்டு சிரஞ்சீவியைக் கூப்பிட்டார்.

"பெட்டிய எடுத்தாறணும், வா."

"மாமா, அவங்க குடுப்பாங்களா?"

"செத்தவங்களுக்குன்னுதானே செஞ்சது. குடுக்காம?"

கங்கையா அரசாங்கத்தை நம்புகிற மனிதர். எந்தப் படிவத்திலும் ஒரு பொய் எழுதியது கிடையாது. வயது என்ற இடத்தில்கூட, சரியாகத் தெரியாது என்று எழுதுவார்.

திருப்பதி ஆபீஸ் பத்தரைக்குத் திறந்தது. பெட்டி கூடத்தில் மஞ்சள் பட்டு போர்த்தி, திறப்பு விழாவுக்காகக் காத்திருந்தது. ஹரிபிரசாத் எழுந்து நின்று கை கூப்பினார். துக்கம் விசாரித்தார். முப்பது வினாடி மௌனம் காத்தார். அதற்கும் உத்தரவு இருந்தது. அப்புறம் சாய்குமாரைக் கணினியில் பார்க்கச் சொன்னார்.

சாய்குமார் பார்த்தான். மறுபடி பார்த்தான். "சார், பெட்டி காலியா இல்ல" என்றான்.

"யாரு இருக்காங்க?"

"வெங்கடலட்சுமி, கணவர் பெயர் கங்கையா, நகரி மண்டலம். உள்ள போன நேரம் பதினொண்ணு பத்து. அதோட சரி."

ஹரிபிரசாத் எழுந்து போய்ப் பட்டுத்துணியை விலக்கி, மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கங்கையாவும் பார்த்தார். ஸ்பாஞ்சும் துணியும்தான் இருந்தன.

"யாரும் இல்லயே சார்."

"கண்ணுக்கு இல்ல, கங்கையா காரு. ரெக்கார்டுல இருக்காங்க. நான் என் கண்ண நம்பி கையெழுத்துப் போட்டா, நாளைக்கு விசாரணை கமிஷன் வந்து என் கண்ணையா பாக்கும்?"

"அன்னிக்கே எழுந்து வந்துட்டா சார். நீங்களே இருந்தீங்களே. டீ குடிச்சாளே."

"நான் மனுஷனா பாத்தேன். அதிகாரியா பாக்கல." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இன்னொரு விஷயம். அந்தம்மா ஏற்கனவே பயன் அடைஞ்சாச்சு. ஒருத்தருக்கு ஒரு தடவைதான். மறு உபயோகம்ங்கறது பெட்டிக்கு, ஆளுக்கு இல்ல."

சிரஞ்சீவி பல்லைக் கடித்தான். கங்கையா நிதானமாக யோசித்தார். அவர் மூளை எப்போதும் அளவு பார்த்துத்தான் வேலை செய்யும்.

"சரி சார். அவ உள்ளதான் கீறான்னு வச்சுக்குங்க. உள்ள இருக்கறவளோட பெட்டிய குடுத்துடுங்க. நான் இட்டுக்கினு போறேன்."

ஹரிபிரசாத்துக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து, பேனாவை உதட்டில் தட்டினார். பிறகு முகம் மாறியது. "அப்போ உங்க வீட்டுல ஐஸ்பெட்டியில இருக்கறது யாரு?"



வழி ஒன்று இருந்தது. வெங்கடலட்சுமி அன்றைக்குப் பெட்டியிலிருந்து உயிரோடு வெளியே வந்தாள் என்று சொந்த மாவட்டத்தில் ஒரு வெளியேறல் சான்று வாங்கி வர வேண்டும். முன்பு எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்தது. இப்போது புத்தூர் ஷெட் திருப்பதி மாவட்டம், நகரி வீடு சித்தூர் மாவட்டம். சம்ஸ்தாவும் சித்தூரில் ஒரு கிளை திறந்திருந்தது. "சிம்பிள்தான், போயிட்டு வந்துடுங்க" என்று ஹரிபிரசாத் மூடியைச் சாத்திப் பட்டுத்துணியைப் போர்த்தினார்.

"இங்கருந்து எத்தினி கிலோமீட்டர் தெரியுமா சார்?" என்று சிரஞ்சீவி கத்தினான். கங்கையா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சித்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கிளையின் மாவட்ட அலுவலர் இந்திராணி சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் டப்பாவை மூடிவிட்டார். நல்ல மாதிரியான பெண்மணி. அவர் கண்கூட லேசாகக் கலங்கியது.

"வெளியேறல் சான்றுக்கு அவங்க நேர்ல வரணுங்க" என்றார்.

"அவதான் காலைல போயிட்டாளே, மேடம்."

"இங்கதாங்க சிக்கல். திருப்பதி ரெக்கார்டுப்படி அவங்க அங்க பெட்டியில இருக்காங்க. நீங்க இங்க நகரியில செத்துட்டாங்கன்னு சொல்றீங்க. ஒருத்தர் ரெண்டு மாவட்டத்துல சாவ முடியாதுங்களே."

அப்புறம் ஏதோ நினைவு வந்ததுபோல, "முகத்தை வச்சு சரிபார்க்கலாம்" என்று கைப்பேசியில் சம்ஸ்தாவின் செயலியைத் திறந்தார். வீட்டுக்கு அழைத்தார்கள். பிரியங்கா எடுத்தாள். ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்து அம்மாவின் முகத்துக்கு நேராகக் கைப்பேசியைப் பிடிக்கச் சொன்னார்கள். பின்னால் பெண்கள் ஒப்பாரி வைக்கிற சத்தம் கேட்டது. செயலி முகத்தை உடனே கண்டுபிடித்துவிட்டது. பெயர், வயது எல்லாம் சரியாகக் காட்டியது. அடுத்ததாக, 'கண்களைச் சிமிட்டவும்' என்றது.

"கண்ண சிமிட்டச் சொல்லும்மா" என்றார் இந்திராணி, பழக்க தோஷத்தில்.

மறுமுனையில் ஒப்பாரி மட்டும் கேட்டது. பிறகு பிரியங்கா பேசினாள். "நைனா... அம்மா எப்பிடி நைனா கண்ண சிமிட்டும்?"

கங்கையா கைப்பேசியைக் கையிலெடுத்தார். திரையில் வெங்கடலட்சுமியின் முகத்தைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவரும் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்படிக் காத்திருந்ததற்காகப் பிற்பாடு அவர் தன்னை மன்னிக்கவே இல்லை. வட்டம் சிவப்பானது. 'முயற்சி தோல்வி. இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன' என்று வந்தது.

"மூடிடு, கண்ணு. அம்மாவ மூடிடு" என்றார்.

இந்திராணி அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாகச் சொன்னார்: "நான் மனசுல பட்டதச் சொல்லட்டுங்களா? சான்று கிடைச்சாலும் இந்தப் பெட்டி உங்களுக்குக் கஷ்டம். இன்னும் திறப்பு விழா ஆகல. முதல்ல யாரு படுக்கறாங்களோ அதைப் பாத்துதானே அடுத்தவங்க வருவாங்க? நீங்க காலனி... தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு அந்த மாதிரி பேதமே கிடையாது. எங்க தலைவர்கூட எல்லாருக்கும் ஒரே பெட்டின்னுதான் சொல்றார். அதனாலதான் ஒரே மாதிரி மூணு செய்யலாம்னு இருக்கோம்."

"செஞ்சவனே நான்தான், மேடம்."

"செய்யறது வேறங்க" என்றார் இந்திராணி. பிறகு ஆறுதலாக, "எங்க மாமியார் போனப்போ நாங்க மூங்கில்தான் கட்டினோம். பெட்டின்னா யார் யார் படுத்ததோன்னு இருக்கும் பாருங்க" என்றார்.

நகரிக்குத் திரும்பும்போது மணி நாலரை. காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருகிற கார்கள் மாலையும் குங்குமமுமாக முந்திக்கொண்டு போயின. வீட்டு வாசலில் பச்சை மூங்கில் வெட்டிப் பாடை தயாராக இருந்தது. யாரும் கங்கையாவை ஒன்றும் கேட்கவில்லை. வண்டி காலியாக வந்ததைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கங்கையா உள்ளே போய்க் கட்டிலிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து வந்தார். மூங்கில் மேல் விரித்தார். வளைவு அவள் முதுகுக்கு நேராக வரும்படி அளந்து வைத்தார். சிரஞ்சீவி பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்தினான். சுமங்கலியாகப் போகிறாள் என்று பெண்கள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள், பூ வைத்தார்கள். ஆண்பிள்ளை இல்லாததால் கங்கையாவே கொள்ளிச்சட்டியைத் தூக்கினார். சட்டி எடுக்கிறவன் முன்னால் நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது.

காலனி தாண்டி இரண்டாவது திருப்பத்தில், பின்னால் ஏதோ நழுவி விழுந்த சத்தம் கேட்டது. "ஸ்பாஞ்சு வுழுந்துட்ச்சிடா" என்று ஒரு குரல். "வுடு வுடு, நிக்காத, போவட்டும்" என்று இன்னொரு குரல். கங்கையா திரும்பவில்லை. திரும்பக் கூடாது. அங்கிருந்து சுடுகாடு அரைக் கிலோமீட்டர். ஒவ்வொரு குலுக்கலுக்கும், எந்தக் கணு எந்த எலும்பில் படும் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் முதுகின் அளவு அவருக்கு மனப்பாடம். அந்த அரைக் கிலோமீட்டரும் அவர் வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தார்.

இருபது நாள் கழித்துச் சம்ஸ்தாவிலிருந்து அழைப்பிதழ் வந்தது. திறப்பு விழா. 'வடிவமைப்பாளர் தவறாமல் வர வேண்டும்.' போகாதே நைனா என்றாள் பிரியங்கா. கங்கையா போனார். பெட்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும்போல இருந்தது.

தலைவர் மேடையில் நாற்பது நிமிடம் பேசினார். "இந்தப் பெட்டிக்கு ஏழை தெரியாது, பணக்காரன் தெரியாது, குலம் தெரியாது. நாளைக்கே என் வீட்டுல..." என்று தொடங்கியதும் மேடையில் இருந்தவர்கள் பதறிப்போய் எழுந்தார்கள். தலைவரும் சுதாரித்துக்கொண்டு, "அதாவது, பொதுமக்கள் வீட்டுல" என்று திருத்தினார். பலத்த கைதட்டல். அடுத்து ஹரிபிரசாத், வெங்கடலட்சுமி என்ற பயனாளியின் வழக்கிலிருந்து சம்ஸ்தா பாடம் கற்றுக்கொண்டதாகவும், படிவம் ஏழில் 'வெளியே வந்த நேரம்' என்ற கட்டம் சேர்க்கப்பட்டுவிட்டதாகவும், தென்னிந்தியாவிலேயே இப்படி ஒரு கட்டம் இதுதான் முதல் என்றும் அறிவித்தார்.

செயல்முறை விளக்கம் காட்ட வேண்டும். மங்கல நிகழ்ச்சிக்குப் பிணம் கொண்டுவர முடியாது. உயிருள்ளவர் யாராவது படுக்க வேண்டும். மேடையில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் எல்லோரும் கங்கையாவைப் பார்த்தார்கள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். வளைவு அவருடைய முதுகுக்குச் சேரவில்லை. அவளுக்கு வெட்டியது அவருக்கு எப்படிச் சேரும்? மூடியைச் சாத்தினார்கள். காற்றுக்காக அவரே வெட்டிவிட்டிருந்த இடுக்கு வழியாக வெளிச்சம் வந்தது. தலையை இடது பக்கம் சாய்த்தார்.

கண்ணுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், அலுமினியச் சுவரில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு, சின்ன வட்டம். அந்தப் பெட்டியை ஏழு பேர் கொண்ட குழு நாலு முறை ஆய்வு செய்தது. ஹரிபிரசாத் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, யாரும் இல்லை என்று கண்டார். கங்கையாவும் பார்த்தார். உள்ளே படுத்தவர்களுக்கு மட்டும் தெரிகிற இடத்தில் அவள் அதை ஒட்டியிருந்தாள்.

'இன்னும் கொஞ்ச நேரம் இப்டியே கீறேனே' என்றுதானே கேட்டாள். இங்கேதான் இருந்தாள். வலி இல்லாமல் இருந்தாள். அவளை வெளியே எடுத்தவர் அவர்தான். வெளியே வந்துவிட்டாள், வந்துவிட்டாள் என்று ஒரு பகல் பூராவும் இரண்டு மாவட்டம் அலைந்து சாதித்தவரும் அவர்தான். கங்கையா வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும். வடிவமைப்பாளர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ஹரிபிரசாத் மைக்கில் சொல்ல, கூட்டம் கைதட்டியது.

விழா முடிந்து எல்லோரும் டிபன் பொட்டலம் வாங்கப் போய்விட்டார்கள். சாய்குமார் கைக்கருவியோடு பக்கத்தில் வந்தான்.

"அண்ணா, ஒரு சின்ன வேல. உங்களுக்கு வெளிய வந்த நேரம் போட்டுட்டேன். அம்மாவோடது இன்னும் அப்டியே நிக்குது. இப்போ புதுக் கட்டம் வந்துட்ச்சில்ல, நேரம் சொன்னீங்கன்னா முடிச்சிடறேன்."

கங்கையா பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். படிவத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லாத மனிதர்.

"அவ வெளிய வரலப்பா" என்றார்.

"அண்ணா?"

"உள்ளதான் கீறா. அப்டியே எழுதிக்கோ."

"முடிக்காட்டி இந்தப் பெட்டி வேற யாருக்கும் போவாதுண்ணா."

"தெரியும்."

சாய்குமார் மூடியைத் தூக்கிப் பார்த்தான். ஸ்பாஞ்சும் துணியும்தான் இருந்தன. அவன் கங்கையாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, மூடியைச் சத்தம் வராமல் சாத்தினான்.